தேவிகா அத்தை சுவிட்சை அணைக்கவில்லை

செய்தி வந்தபோது நான் பள்ளி வேதியியல் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "யாழினி, பேக்க எடுத்துக்கிட்டு வாம்மா. அப்பா வந்திருக்காரு" என்றார். அப்பா வாசலில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கரி. சாலை விளக்கில் சிவப்பு விழுந்ததும்தான் சொன்னார்.

"அத்தை இல்லம்மா இனிமே. பட்டறை எரிஞ்சிருச்சு."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை நகர்த்தாமலே, "நேத்து பூஜையில நீ சுவிட்ச எறக்கினத யார்கிட்டயும் சொல்லாதே. அம்மாகிட்டயும் சொல்லக்கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு பதினான்கு நாள்கள் போய்விட்டன. நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். "ஒனக்குத்தான் தமிழ் நல்லா வரும், அத்தைய பத்தி நீயே எழுது" என்று அம்மா சொன்னார். எழுதினேன். அப்பா படித்துப் பார்த்து ஒரு பத்தியை அடித்துவிட்டு, தம் கையாலேயே ஒரு வரியைச் சேர்த்தார்: "அன்று அவருக்கு ஏற்பட்ட சிறு மறதி, அவர் உயிரையே பறித்துக்கொண்டது." அந்தத் தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

இது வேறு தாள். அப்பா முன்னறையில் இன்னும் தூங்கவில்லை. அவர் செருமுவது கேட்கிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து ஒழுங்காக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தையை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தேவிகா அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நாற்பத்தொரு வயது. குழந்தைகள் இல்லை. அவர் கணவர் தியாகு மாமா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அத்தை பதினொரு ஆண்டுகள் சிங்கப்பூரில் மின்கலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போவார், இரவில்தான் திரும்புவார். அந்தப் பிரிவை மூடியபோது, ஒரு பெட்டி நிறையக் கையுறைகளோடு வீட்டுக்கு வந்து, "இதான் எனக்குக் குடுத்த பிரியாவிடைப் பரிசு" என்று சிரித்தார்.

அப்போது அப்பா, பாலத்துக்கு இந்தப் பக்கம் செனாயில், மோதி நொறுங்கிய கார்களை வாங்கிப் பிரித்து விற்கும் பட்டறை வைத்திருந்தார். மின்சாரக் கார்களும் வரத் தொடங்கியிருந்த நேரம். அவற்றின் அடியில் மெத்தை அகலத்துக்கு ஒரு பேட்டரி இருக்கும். அதை என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட இருந்தார்.

"அலமாக்! அண்ணே, இதப் போயி எடைக்குப் போடுவியா?" என்று அத்தை கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. "கார்தான் செத்துச்சு. இது சாகல. இதுல பாதிக்கு மேல உயிர் இருக்கு."

"உயிர் இருந்தா என்னா? கார் இல்லாம இத வச்சி என்னா செய்றது?"

"வீட்டுக் கூரையில சோலார் போட்டவங்களக் கேட்டுப் பாரு. பகல்ல வெயிலு கொட்டுது, வீட்டுல ஆளே இல்ல. ராத்திரி ஆளு இருக்காங்க, வெயிலு இல்ல. நடுவுல யாராச்சும் அதப் புடிச்சி வச்சுக்கணும்ல?"

அப்படித்தான் அந்தத் தொழில் ஆரம்பமானது. அத்தை பேட்டரிகளைப் பிரித்து, உள்ளேயுள்ள செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லவற்றை மட்டும் சேர்த்துப் புதிய பெட்டிகளாகக் கட்டினார். அப்பா ஆள் பிடித்தார். சலீம் பாய் லாரி ஓட்டினார். சலீம் பாய் இருபது வருடங்களாக அப்பாவிடம் இருப்பவர்; அத்தையைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவருக்கு அத்தை பெட்டி வைத்துக் கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். பகல் வெயிலைச் சேர்த்து வைத்து, பின்னேரம் தண்ணீர் இறைப்பதற்கான பெட்டி அது. திருட்டுப் போய்விடும் என்று பயந்த பெரியவர், அதைத் தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அத்தை முடியாது என்றார். இருவரும் மலாயில் வாதாடினார்கள். முதலாளிகளை இங்கே 'தவ்கே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இதுகூட ஒரே ரூம்ல நீங்க படுக்கக்கூடாது தவ்கே."

"ஏன், இது என்ன நாயா? கடிச்சிடுமா?"

"நாயி குரைச்சிட்டுத்தான் கடிக்கும். இது குரைக்காது."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி சிமெண்டு மேடை போட்டு, அது காயும்வரை இரண்டு நாள் காத்திருந்து, அதன்மேல்தான் பெட்டியை வைத்தார். ஒரு நாள் வேலையை மூன்று நாளாக்கிவிட்டதாக அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார்.

இப்படிக் காத்திருப்பதில்தான் இருவருக்கும் எப்போதும் சண்டை. அத்தை ஒவ்வொரு செல்லையும் முழுதாக ஏற்றி, அளவை அதன் மேலேயே எழுதி, மூன்று வாரம் எதிலும் இணைக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார். பிறகு மறுபடியும் அளப்பார். சும்மா இருந்தபோதே அளவு இறங்கிய செல்லைத் தள்ளிவிடுவார். அதன் உள்ளே எங்கோ பழுது இருக்கிறது, ஒருநாள் சூடேறித் தீப்பிடிக்கும் என்பார். பட்டறையின் பின்னறை முழுக்க அப்படி வைத்த செல்கள்தான். நாங்கள் அதைத் தூக்க ரூம் என்போம்.

"ஆளு கேட்டுக்கிட்டு நிக்குது. இங்க மூணு வாரம் சும்மா கெடக்குது" என்பார் அப்பா.

"சும்மா கெடக்கும்போதுதான் அண்ணே கொணம் தெரியும். ஓடும்போது எல்லாம் நல்லவங்கதான். ஒன்னையும் மூணு வாரம் உக்கார வச்சி அளந்துட்டு அண்ணி கட்டியிருக்கணும்."

சலீம் பாய் லாரியில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். அப்பாவும் சிரித்துவிடுவார்.

பழுதான செல் எது என்று மூன்று வாரம் முடியும்வரை தெரியாது. அதனால் அந்த அறைக்கு இரவும் பகலும் ஓடும் ஒரு விசிறியை அத்தை வைத்திருந்தார். கெட்ட காற்று கசிந்தால் அது வெளியே இழுத்துவிடும். சூடு கூடினால் அத்தையின் கைப்பேசியில் மணி அடிக்கும். விசிறிக்கும் மணிக்கும் சேர்த்து ஒரே சுவிட்சு.

அத்தையிடம் குறைகள் இல்லாமல் இல்லை. கோபம் சட்டென்று வரும். யாராவது தாமதமாக வந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவார். மறதியும் உண்டு, என் பிறந்தநாளை இரண்டு முறை மறந்திருக்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததற்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த விசிறியை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட, மணி அடித்தால் கேட்கும்படி கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்.

இனி ஆயுத பூஜையைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை எழுதியதில் அப்பா அடிப்பதற்கு ஒன்றுமில்லை. மலருக்கு அத்தையின் எச்சரிக்கையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன்; அந்தப் பத்தியைத்தான் அவர் அடித்தார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். பூஜை முடிந்து தீபம் காட்டியதும், வீட்டில் இளையவர் யாரோ அவர் போய் எல்லாச் சுவிட்சையும் இறக்க வேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்த ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு. மறுநாள் காலை சூடம் ஏற்றிய பிறகுதான் மறுபடியும் ஓட விடுவார்கள். ஆறு வயதிலிருந்து நான்தான் இறக்குகிறேன். பழைய இடத்தில் தூக்க ரூம் தனிக் கட்டடத்தில் இருந்தது. அதற்குத் தனி மின்பலகை. ஆகவே இத்தனை ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை. இந்த ஆண்டு பட்டறையைப் புதுக் கடைக்கு மாற்றினோம். எல்லாச் சுவிட்சுகளும் ஒரே பலகையில் வந்துவிட்டன.

முதல்நாளே அத்தை அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணே, நாளைக்கு எல்லாத்தையும் எறக்கிக்கோ. கடைசி சுவிட்ச மட்டும் தொடாதே."

"வருஷத்துல ஒரு நாளு சாமிக்குன்னு நிறுத்துறோம். இது மட்டும் என்னா ஒசத்தியா?"

"கிரைண்டர அணைச்சா அது வெறும் இரும்பு. செல்லு அப்படி இல்ல. ஒயரப் புடுங்கினாலும் உள்ள கரண்டு நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்கு ஓய்வு குடுக்க ஒன்னாலயும் முடியாது, சாமியாலயும் முடியாது."

"வாயில சாமிய இழுக்காதே தேவி."

"ரெண்டு பேரும் நிறுத்துங்கலா. வாங்கி வச்ச பொரி நமத்துப் போவுது" என்றார் சலீம் பாய்.

அத்தை மஞ்சள் ஒட்டுநாடாவைக் கிழித்து, அதில் "இதுக்கு லீவு கிடையாது" என்று எழுதிக் கடைசிச் சுவிட்சின்மேல் ஒட்டினார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மாலையில் பூஜை. அப்பா தட்டில் தீபம் காட்டினார். அத்தை பூசணிக்காயை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனார்; ஒவ்வோர் ஆண்டும் அதை உடைப்பது அவர்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சலீம் பாய் எலுமிச்சம்பழங்களின்மேல் லாரியை ஏற்றப் போனார். பலகைக்கு முன்னால் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். நான் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்து மஞ்சள் நாடாவிடம் நின்றேன்.

"எறக்கும்மா."

"அப்பா, அத்தை இத..."

"சாமி காரியத்த அரகொறையா செய்யக்கூடாது. எறக்கு. சாப்பிட்டுட்டு வந்து நானே போட்டுடுறேன்."

நான் நாடாவை உரித்தேன். சுவிட்சை இறக்கினேன். பின்னறையிலிருந்து எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரைச்சல் நின்றது. அதே நேரத்தில் வெளியே பூசணிக்காய் உடைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா ஷட்டரை இறக்கிப் பூட்டினார். அத்தை உள்ளே வரவே இல்லை. குங்குமம் தோய்ந்த கையை என் இரண்டு கன்னத்திலும் தேய்த்துவிட்டு, "போ, சாப்பிட்டுட்டுப் படி" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். நல்ல நாளில் இன்னொரு சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா சொன்னபடி போய்ப் போட்டுவிடுவார் என்று நம்பினேன். உணவகத்தில் உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். நானும் தூங்கிவிட்டேன். அத்தையின் கைப்பேசியில் மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய மணியும் அந்தச் சுவிட்சோடு சேர்ந்து அணைந்துவிட்டதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

காலையில் நடந்தது எனக்குச் சலீம் பாய் சொல்லித்தான் தெரியும். அத்தை முன்பக்க ஷட்டரைத் தூக்கியதும் உள்ளேயிருந்து நகச்சாயம் போல இனிப்பாக ஒரு வாடை வந்ததாம். அத்தை அப்படியே நின்று பலகையைப் பார்த்தாராம்.

"யாரு எறக்கினது?" என்று கேட்டாராம்.

"என்னாச்சு தங்கச்சி?"

"பாய், வெளிய போங்க. ரோட்டுக்குப் போயி பொம்பாவுக்குப் போன் போடுங்க, தீயணைப்பு வண்டி வரணும்."

"நீயும் வா!"

"பின்னால பசங்க தூங்குறாங்க பாய்."

எங்கள் கடையின் பின்பகுதியில், பக்கச்சுவரை ஒட்டி, பின்சந்தைப் பார்த்தபடி இரவு வேலை முடிந்து வரும் நேப்பாளத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி இருக்கிறது. கடைகளின் வரிசை நீளமானது. சுற்றிப் போனால் நேரமாகும். அத்தை கடைக்குள்ளேயே, அந்த அறையைத் தாண்டி ஓடினார். ஸ்பேனரால் சுவரை ஓங்கித் தட்டுவதும், "கெலுவார்! செமுவா கெலுவார்!" என்று எல்லோரையும் வெளியேறச் சொல்லிக் கத்துவதும் சாலைவரை கேட்டதாம். ஏழு பேர் உள்ளாடையோடு பின்சந்துக்கு ஓடினார்கள். பிறகு அறை வெடித்தது. தீயை அணைத்தபின் பார்த்தபோது பின்பக்க ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் ஏறியிருந்தது. அத்தை அதற்கு உட்புறத்தில் இருந்தார்.

யார் இறக்கியது என்று அவர் கேட்ட கேள்வியைச் சலீம் பாய் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்தான், அத்தை.

தீயணைப்பு அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்தபோது நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அந்த ஃபேன் என் தங்கச்சி பொறுப்பு சார். பூஜைக்குன்னு அவளே அணைச்சிட்டு மறுபடியும் போட மறந்திருப்பா" என்றார் அப்பா. அதிகாரி எழுதிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அப்பா கெட்டவர் அல்லர். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிணவறைக்குப் போய் வந்தபின் இரண்டு நாள் அவர் சோற்றைத் தொடவில்லை. "ஒன்னைக் காப்பாத்தத்தாம்மா சொன்னேன். கேஸுன்னு வந்தா ஒன் பேரு வரும், ஒன் படிப்பு போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அதில் பாதியாவது உண்மை. அதை நம்பிக்கொண்டு நானும் வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். இறந்தவருக்கு இனி என்ன வலிக்கப் போகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

நேற்று மாலை தியாகு மாமா வந்தார். பேருந்துச் சீருடையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் போட உள்ளே போயிருந்தார். அப்பா இல்லை. மாமா தரையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"யாழு, அன்னிக்கு அத்தை ஏதாச்சும் கோவமா இருந்தாளா?"

"இல்ல மாமா."

"காலையில கெளம்பும்போது நான்தான் சொன்னேன். 'நல்ல நாளும் அதுவுமா ஒங்க அண்ணன்கூட மல்லுக்கு நிக்காதே, அவரு சொல்றபடி செஞ்சிட்டுப் போ'ன்னு. அவ எதுவும் சொல்லாம போயிட்டா." மாமா சீருடையின் பொத்தானைத் திருகினார். "அதனாலதான் அணைச்சிட்டா போல. இல்லாட்டி அவ ஏன் அதத் தொடப்போறா? நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு இருப்பா."

அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். மாமா குடிக்காமலே எழுந்து போனார். அந்தக் கோப்பையைக் கழுவும்போதுதான் என்னால் இனி முடியாது என்று தெரிந்தது.

ஆகவே, காரியத்துக்கு வரப்போகிற பெரியவர்களே, உறவினர்களே, உங்கள் கைக்கு வரப்போகும் மலரில் உள்ள அந்த வரியை நம்பாதீர்கள். அத்தை மறக்கவில்லை. அவர் எச்சரித்தார், எழுதி ஒட்டினார்; அதை உரித்தது நான். போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடாதது அப்பா. பூஜையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுக்கலாம் என்று நாங்கள் நினைத்தோம். ஒன்றுக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. மாமா, நீங்கள் சொன்னதற்காக அவர் எதையும் செய்யவில்லை. உங்கள் பேச்சை அவர் கேட்கவே இல்லை. வழக்கம்போல.

இறுதிச் சடங்கன்று வாசலுக்கு வெளியே, வெயிலில், தொழிற்சாலைச் சட்டையோடு ஏழு பேர் வரிசையாக நின்றதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். யார் அவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே வரலாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. உடலை எடுக்கும்வரை நின்றுவிட்டு, அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்கள். அத்தையைப் பற்றி இந்த ஊர் எழுதிவைக்க வேண்டியது அந்த ஏழு பேரைத்தான்.

இதைக் காரியத்தன்று எழுந்து நின்று படிக்கும் தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை. விடிந்தால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் இதுவரை எழுதிய பக்கங்களைப் படமெடுத்துத் தியாகு மாமாவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன். அவர் நாலரை மணிக்கே வண்டி எடுப்பவர். அனுப்பிய சிறிது நேரத்தில் நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார். பதில் வரவில்லை. நான் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வெளியே ஒரு பெரிய வண்டி வந்து நிற்கிறது. பேருந்துகள் எங்கள் சந்துக்குள் வருவதில்லை; இந்தப் பேருந்து வந்திருக்கிறது. அதன் வெளிச்சம் குளியலறையின் மேல்சன்னல் வழியாகச் சுவரில் விழுகிறது. முன்னறையில் அப்பாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. "யாரு இந்நேரத்துல?" என்று கேட்கிறார்.

போய் வாருங்கள் அத்தை. உங்களை எழுப்பி மன்னிப்புக் கேட்க முடியாது. அதனால் இருப்பவர்களிடம் கேட்கப் போகிறேன். வாசற்கதவை இன்று நான்தான் திறப்பேன்.